சின்ன வட்ட லூமில் குட்டித் தொப்பி வருமா?

ஜனவரி 9, மாலை. கேள்வி

என்னிடம் 24 முளை உள்ள வட்ட லூம், அதாவது முளைகளில் நூலைச் சுற்றிக் கொக்கியால் பின்னும் வளையம், இருக்கிறது. செட்டிலேயே இதுதான் சின்னது. பொம்மைக்குத் தொப்பி போடலாம் என்று ஆரம்பித்தால் பச்சைக் குழந்தை தலைக்குப் போடுகிற அளவில் வந்து நிற்கிறது. மெல்லிய நூலை எடுத்தால் வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. படங்களில் காட்டும் குட்டித் தொப்பிகள் எல்லாம் ஊசியில் பின்னியவைதான், வட்ட லூமில் அது நடக்காது என்பது என் முடிவு. யாராவது மறுக்க முடியுமா?

ஜனவரி 9, இரவு

மறுக்கிறேன். வட்ட லூமில் தாராளமாக வரும்.

செட்டில் சின்னது என்பதை வைத்துக்கொண்டு குட்டித் தொப்பி எதிர்பார்க்கக் கூடாது. நிஃப்டி நிட்டர் என்ற பிராண்டின் வட்ட லூம் செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நீலத்தில் 24 முளை, சிவப்பில் 31, பச்சையில் 36, மஞ்சளில் 41. முளைக்கும் முளைக்கும் நடுவில் உள்ள இடைவெளி நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது நீல வளையத்தில் விழும் ஒவ்வொரு கண்ணியும் பெரியவர் தொப்பியில் விழும் கண்ணியின் அளவு. எண்ணிக்கை மட்டும் குறைவு. 24 பெரிய கண்ணிகள் சேர்ந்தால் பச்சைக் குழந்தையின் தலை அளவு வருகிறது. அந்த லூம் அதற்காகவே செய்யப்பட்டது.

பொம்மைத் தொப்பிக்குக் கண்ணியே சிறியதாக வேண்டும். முளை இடைவெளி, முளையின் பருமன், நூலின் பருமன், இந்த மூன்றும்தான் கண்ணியின் அளவைத் தீர்மானிக்கின்றன. லூமின் சுற்றளவு அப்புறம்தான் வருகிறது.

ஜனவரி 9, இரவு, கொஞ்ச நேரம் கழித்து

இடைவெளிகளையும் எழுதிவிடுகிறேன். தடித்த நூலுக்கான லூம்களில் ஒரு முளையின் நடுவிலிருந்து அடுத்த முளையின் நடு வரை சுமார் 16 முதல் 19 மில்லிமீட்டர். அதற்கு அடுத்த ரகம் 13 மி.மீ. சிறியது 10 மி.மீ. நுண்ணியது 6 மி.மீ. மிக நுண்ணியது 5 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழே. உங்கள் லூமில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அநேகமாக முதல் ரகமாகத்தான் இருக்கும். அதில் மெல்லிய நூலைச் சுற்றினால் ஓட்டை விழாமல் வேறு என்ன ஆகும்?

ஜனவரி 10

எவ்வளவு சின்னது வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லை. குட்டித் தொப்பி என்றால் ஆளுக்கு ஒரு அளவு மனதில் இருக்கிறது.

கோழி முட்டையின் நடுச்சுற்று 13, 14 செ.மீ. இருக்கும். வேகவைத்த முட்டையின் சூடு ஆறாமல் இருக்கப் போடும் தொப்பி அந்த அளவு. பொம்மை வீடு கட்டுபவர்கள் 1:12 என்று ஒரு விகிதம் வைத்திருக்கிறார்கள், நிஜத்தில் ஓர் அடி, பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். பெரியவர் தலைச்சுற்று 56 செ.மீ. என்றால் அந்த வீட்டு மனிதருக்கு 4.7 செ.மீ.தான். இந்த இரண்டுக்கும் ஒரே வழி ஒத்துவராது.

கணக்குப் போடும் முறை இது. உங்கள் லூமில், உங்கள் நூலில், பத்து முளையில் பத்து வரிசை பின்னிக் கழற்றுங்கள். கழற்றிய உடனே அளக்காதீர்கள். லூமில் இழுபட்டு நின்ற துணி கொஞ்ச நேரத்தில் தானாகச் சுருங்கி அதன் சொந்த அளவுக்கு வரும். அப்புறம் அளந்து பாருங்கள். பத்துக் கண்ணி 8 செ.மீ. இருந்தால் ஒரு கண்ணி 8 மி.மீ. முட்டை 13.5 செ.மீ. என்றால் தொப்பி 12 செ.மீ. போதும், ஏனென்றால் பின்னல் இழுபட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். 12ஐ 0.8 ஆல் வகுத்தால் 15 கண்ணி.

இந்த மாதிரித் துண்டை வீண் வேலை என்று பலர் தாண்டிப் போகிறார்கள். பெரிய தொப்பியில் தாண்டினால் தலை பார்த்துக்கொள்ளும், அது இழுத்து நிரப்பிவிடும். குட்டித் தொப்பியில் இரண்டு கண்ணி கூடினாலும் பொம்மையின் மூக்கு வரை இறங்கிவிடும்.

ஜனவரி 10, பிற்பகல்

"15 கண்ணி வேண்டும், லூமில் 24 முளை இருக்கிறதே" என்று கேட்டவருக்கு: விட்டுவிட்டுச் சுற்றாதீர்கள். ஒன்று விட்டு ஒன்று சுற்றினால் கண்ணி 12 ஆகும், ஆனால் இடைவெளி இரட்டிப்பாகும். ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் நீள நூல் ஓடும். சுற்றளவு குறையாது, துணிதான் தளர்ந்து போகும். வழி இருக்கிறது, விரிவாக எழுத வேண்டும்.

ஜனவரி 12

வட்ட லூமில் வட்டமாகத்தான் பின்ன வேண்டும் என்று சட்டம் இல்லை. எனக்கு இந்த லூமில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

பக்கத்துப் பக்கத்தில் உள்ள 15 முளைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முளையிலிருந்து பதினைந்தாவது வரை சுற்றி, கீழ்க் கண்ணியைக் கொக்கியால் தூக்கி முளைக்குப் பின்னால் விட்டு, அப்படியே திரும்பி வாருங்கள். மீதி ஒன்பது முளையும் சும்மா இருக்கட்டும். தட்டையான ஒரு துண்டு இறங்கும். உயரம் போதும் என்றதும் மேல் கண்ணிகளைச் சுருக்கிக் கட்டி, பக்கவாட்டில் தைத்துவிட்டால் தொப்பி. எந்த லூமிலும் அதன் முளை எண்ணிக்கைக்குள் எத்தனை கண்ணி வேண்டுமானாலும் போட இது ஒன்றே போதும்.

திரும்பும் இடத்தில் ஒரு கவனம் வேண்டும். கடைசி முளையைப் பின்னாமல் அப்படியே விட்டு, அடுத்ததிலிருந்து திரும்பினால் ஓரம் சங்கிலி போல ஒழுங்காக விழும். தைக்கும்போது அந்தச் சங்கிலிதான் வழி காட்டும். தையல் வெளிப்பக்கத்திலிருந்து போட வேண்டும். ஓரக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவில் குறுக்கே ஓடும் சின்ன இழையை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்து, நாலைந்து எடுத்ததும் இழுங்கள். இரண்டு ஓரமும் சேர்ந்து உள்ளே போய்விடும். மூட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

உள்ளே போகும் அந்த ஓரங்களுக்காகக் கண்ணி கூட்ட வேண்டும். ஆகவே முட்டைக் கணக்கில் 15 என்று எழுதியது வட்டமாகப் பின்னுவதற்கு. தட்டையாகப் பின்னினால் 17.

ஜனவரி 12, இரவு

அந்த 17 கண்ணித் தொப்பி முட்டைக்குச் சரி. பொம்மை வீட்டு மனிதருக்கு இதே லூமில் போட்டால் சுற்றுக்கு ஆறேழு கண்ணிதான் வரும். அளவு சரியாக இருக்கும், பார்வைக்குத் தொப்பியாகவே தெரியாது. கண்ணிகள் நிஜ மனிதனுக்குப் பின்னியது போல முறைத்துக்கொண்டு நிற்கும். அங்கே வேறு லூம்தான் வேண்டும். வாங்கத் தேவையில்லை, செய்துகொள்ளலாம்.

ஜனவரி 13

காகித உருளையைச் சுற்றி ஐஸ் குச்சிகளை டேப் போட்டு ஒட்டும் முறையைப் பலரும் காட்டுகிறார்கள். முதல் தடவை பழக நல்லது. ஆனால் ஐஸ் குச்சியின் அகலம் ஏறக்குறைய ஒரு செ.மீ. அவ்வளவு அகலத்தைச் சுற்றி வரும் கண்ணி எப்படிச் சின்னதாகும்? நான் மேலே முளையின் பருமன் என்று சொன்னது இதற்காகத்தான். குச்சி மெலிய வேண்டும்.

5 செ.மீ. விட்டமுள்ள கெட்டியான வளையம் ஒன்று எடுங்கள். மரமாக இருந்தால் நல்லது. சுற்றளவு 15.7 செ.மீ. அதில் 24 முளை வைத்தால் இடைவெளி ஆறரை மி.மீ. உங்கள் லூமில் உள்ள அதே 24தான், ஆனால் இப்போது கண்ணி நுண்ணிய ரகம். முளைக்கு மெல்லிய ஆணி அடிக்கலாம். ஆணித் தலை கொஞ்சம் அகலமாக இருப்பது கண்ணி தானாகக் கழன்று வராமல் காக்கும், ஆனால் ஓரம் கூராக இருந்தால் நூலைப் பிய்க்கும். உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. பக்கவாட்டில் இன்னொரு ஆணி அடியுங்கள், நூலின் முதல் நுனியைக் கட்டி வைக்க.

ஆணிகளை ஒரே உயரத்தில் நிறுத்துவதற்கு நேரம் செலவிடுங்கள். ஒன்று தாழ்ந்து ஒன்று உயர்ந்து இருந்தால் கொக்கி ஒவ்வொரு தடவையும் அங்கே தடுக்கும். முளை எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும், காரணம் உச்சியை மூடும்போது தெரியும்.

ஜனவரி 15

விளிம்பு. மடித்த விளிம்புதான் அழகு என்று எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள்: சில வரிசை பின்னியதும் முதல் வரிசைக் கண்ணிகளைத் தூக்கி மறுபடி முளைகளில் மாட்டி, இரண்டையும் ஒன்றாகப் பின்னுவது. பெரிய தொப்பிக்கு நான் அதைத்தான் போடுவேன், காதுக்குக் கதகதப்பு. குட்டித் தொப்பிக்கு வேண்டாம். இரட்டைத் தடிமன் தொப்பியின் பாதி உயரத்தைத் தின்றுவிடும். பார்த்தால் டயர் மாட்டியது போலிருக்கும்.

சும்மா விடுங்கள். எல்லா வரிசையும் ஒரே மாதிரிப் பின்னிய துணி கீழ் ஓரத்தில் தானாகவே வெளிப்பக்கம் சுருண்டுகொள்ளும். அது அந்தப் பின்னலின் குணம். லூமில் நல்ல பக்கம் வெளியே, உங்களைப் பார்த்துத்தான் இருக்கும், ஆகவே சுருளும் வெளியேதான் வரும். கேட்காமலே கிடைக்கும் விளிம்பு. அந்தச் சுருளுக்காக மூன்று நான்கு வரிசை கூட்டிப் பின்ன வேண்டும், அவ்வளவுதான்.

ஜனவரி 16

உச்சி. குட்டித் தொப்பி கெட்டுப்போவது அதிகமும் இங்கேதான்.

வழக்கமான முறை: நூலை ஒரு முழத்துக்கு விட்டு வெட்டி, மழுங்கிய பெரிய ஊசியில் கோத்து, முளைமுளையாகக் கண்ணிக்குள் ஊசியை விட்டுக் கழற்றி, கடைசியில் இழுத்து முடிச்சுப் போடுவது. 24 கண்ணியையும் ஒரே புள்ளிக்கு இழுத்தால் உச்சியில் ஒரு குமிழ் நிற்கும், நடுவில் ஓட்டையும் இருக்கும். பெரிய தொப்பியில் பாம்பாம் என்ற நூல் உருண்டையை வைத்து மறைக்கலாம். சின்னதில் அந்தக் குமிழே தொப்பியில் கால்வாசி.

அதற்கு முன்னால் கண்ணிகளைப் பாதியாக்குங்கள். ஒன்று விட்டு ஒன்றாக ஒரு கண்ணியைத் தூக்கிப் பக்கத்து முளையில் மாட்டுங்கள். இரண்டிரண்டாக 12 முளை நிரம்பும், 12 காலியாகும். அந்த இரண்டையும் ஒன்றாகப் பாவித்து ஒரே ஒரு சுற்று, இறுக்காமல். முளை இரட்டைப்படையில் வேண்டும் என்றது இதற்கு. இப்போது 12 கண்ணிதான் கழற்ற வேண்டும். அதையும் இரண்டு தடவையாகக் கழற்றலாம்: ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒரு சுற்றில், விட்டவற்றை அடுத்த சுற்றில். ஒரு வட்டம் உள்ளேயும் ஒரு வட்டம் வெளியேயும் உட்கார்ந்து உச்சி தட்டையாக மூடிக்கொள்ளும்.

இழுக்கும்போது ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். கொஞ்சம் இழுத்து, கண்ணிகளை விரலால் பரப்பி, மறுபடி கொஞ்சம்.

ஜனவரி 16, இரவு

உச்சியை மூடும் முன்னால் நூல் நுனிகளை எல்லாம் உள்ளே செருகி முடித்துவிடுங்கள். மூடிய பிறகு 4 செ.மீ. தொப்பிக்குள் எந்த விரல் போகும்?

ஜனவரி 19

இன்னொரு வழி ஞாபகம் வந்தது. முதல் நாளே எழுதியிருக்கலாம், ஏனென்றால் கேட்டவரிடம் இருக்கும் லூமுக்கு அப்படியே பொருந்துகிறது. பெரிதாகப் பின்னிச் சுருக்குவது.

சுத்தமான கம்பளி நூல் மட்டும். ஆட்டுரோம இழையின் மேல் செதில்கள் உண்டு. வெந்நீர், சோப்பு, கசக்கல் மூன்றும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, பின்வாங்க முடியாமல் இறுகிவிடும். தளர்வாகப் பின்னிய துணி இன்னும் நன்றாகச் சுருங்கும், இழைகள் நகர இடம் இருப்பதால். பெரிய இடைவெளி லூமின் குறையே இங்கே உதவியாக மாறுகிறது. கண்ணியே தெரியாத, கெட்டியான, கத்தரித்தாலும் பிரியாத தொப்பி கிடைக்கும்.

அகலத்தைவிட உயரம் அதிகம் சுருங்கும். ஆகவே ஆரம்பத்திலேயே நீளமாகப் பின்ன வேண்டும், பார்க்கக் காலுறை போல இருந்தாலும் பரவாயில்லை. நடு நடுவே எடுத்துப் பார்த்து, வேண்டிய அளவு வந்ததும் குளிர்ந்த நீரில் அலசி, முட்டை வடிவப் பொருள் எதன் மேலாவது மாட்டிக் காயவையுங்கள். ஒருமுறை சுருங்கியது திரும்பாது. அக்ரிலிக் சுருங்காது. சூப்பர்வாஷ் என்று எழுதிய கம்பளியும் சுருங்காது, அதன் செதில்களை அடக்கித்தான் விற்கிறார்கள். கடையில் லேபிளைப் படிக்காமல் எடுக்காதீர்கள்.

இது பழைய முறை. 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பின்னல் தொப்பிகளை வேண்டுமென்றே பெரிதாகப் பின்னி, நீரில் அடித்துச் சுருக்கித்தான் விற்றார்கள், மழை இறங்காமல் இருக்க. அந்தத் தொழிலைக் காப்பாற்றுவதற்காக 1571-இல் சட்டமே போட்டார்கள்: உயர்குடியினர் முதலிய சிலர் தவிர, 6 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஞாயிறும் திருநாட்களும் உள்நாட்டுக் கம்பளித் தொப்பி அணிய வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். 1597-இல் சட்டம் நீக்கப்பட்டது. தொப்பி பின்னுபவர்களுக்கு ஓர் அரசாங்கம் இவ்வளவு மெனக்கெட்டது என்று படித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 22

"என் தொப்பி ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு போகிறது, நூல் மோசமா?" நூலில் குறை இருக்க வேண்டிய அவசியமில்லை. ஈ-ராப்பில், அதாவது ஒவ்வொரு முளையையும் நூலால் முழுதாகச் சுற்றிப் பின்னும் முறையில், ஒவ்வொரு கண்ணியின் அடியும் ஒரு முறுக்குடன் விழுகிறது. வட்டமாகப் போகும்போது எல்லாக் கண்ணியும் ஒரே திசையில் முறுக்குகிறது, துணியும் அந்தப் பக்கம் சாய்கிறது. தட்டையாகப் போய்த் திரும்பும்போது ஒரு வரிசை இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம், இரண்டும் சரிக்கட்டிக்கொள்ளும். 12-ஆம் தேதி சொன்ன தட்டைத் துண்டு முறைக்கு இது கூடுதல் நன்மை.

வட்டமாகவே வேண்டும் என்றால் யு-ராப்புக்கு மாறுங்கள். முளையை முழுதாகச் சுற்றாமல், முன்பக்கமாக நூலைக் கொண்டுவந்து முளையை அணைத்த மாதிரி விட்டு, கீழ்க் கண்ணியைத் தூக்குவது. முறுக்கு இல்லை, சாய்வும் இல்லை. கண்ணியும் சின்னதாகும். ஃபிளாட் முறையில், அதாவது நூலை முளைகளுக்கு முன்னால் வெறுமனே படியவிட்டுப் பின்னினால், இன்னும் சின்னது. ஆனால் அதில் கை இறுகினால் இரண்டாவது சுற்றிலேயே கொக்கி நுழையாது. குட்டித் தொப்பிக்கு என் தேர்வு யு-ராப்.

ஜனவரி 25

கேட்டவர் பின்னிய அந்தப் பெரிய தொப்பியைப் பிரிக்கப் போகிறாராம். பிரிக்காதீர்கள். குறைமாதக் குழந்தைகளுக்குத் தொப்பி மிகவும் தேவை. உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது, வெப்பம் அது வழியாகத்தான் நிறைய வெளியேறும். கொடுக்கும் முன்னால் மருத்துவமனையில் என்ன நூல் வாங்குவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொத்தான், பாம்பாம், நாடா எதுவும் கூடாது. உள்ளே செருகிய நுனி வெளியே வராமல் இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

குட்டித் தொப்பியாலும் பெரிய காரியம் நடக்கும். பிரிட்டனில் இன்னசென்ட் என்ற பழச்சாறு நிறுவனம் 2003-இல் பிக் நிட் என்று ஒன்றைத் தொடங்கியது. மக்கள் பின்னி அனுப்பிய தொப்பிகள் பாட்டில் மூடிகளில் மாட்டப்பட்டு விற்பனைக்குப் போயின. விற்ற ஒவ்வொரு பாட்டிலுக்கும் முதியோர் நல அமைப்புக்கு ஒரு தொகை போனது. தொப்பி பின்னி அனுப்பியவர்களில் முதியவர்களும் நிறைய இருந்தார்கள்.

ஜனவரி 27

பாம்பாம். தொப்பிக்குப் பயன்படுத்திய நூலிலேயே செய்தால் பெரிதாகி உச்சியைக் கவிழ்க்கும். எம்பிராய்டரி நூல் எடுங்கள், ஆறு இழை சேர்ந்தது, அப்படியே சுற்றலாம். முள்கரண்டியில் சுற்றுங்கள், ஆனால் சுற்றும் முன்னாலேயே நடு முட்களுக்கு இடையில் ஒரு துண்டு நூலை நிறுத்தி வையுங்கள். சுற்றி முடித்ததும் அதைக் கொண்டே இறுகக் கட்டி, உருவி, இரண்டு பக்கமும் வெட்டலாம். அப்புறம் கத்தரி. நினைத்ததைவிட அதிகம் வெட்டுங்கள். எவ்வளவு வெட்டுகிறீர்களோ அவ்வளவு அடர்த்தி.

பிப்ரவரி 3

முதலில் கேள்வி கேட்டவருக்குத் தட்டைத் துண்டு முறையில் முட்டைத் தொப்பி வந்துவிட்டதாம், அளவும் சரியாம், ஆனால் துணி இன்னும் சல்லடை மாதிரி இருக்கிறது என்கிறார். மெல்லிய நூலை இரண்டு இழையாகச் சேர்த்துச் சுற்றுங்கள். இரண்டு நிறத்தில் எடுத்தால் கலந்த நிறம் தானாக வரும். அப்படியும் போதாவிட்டால் மூன்று. இழை கூடினால் கண்ணியின் அகலமும் கொஞ்சம் மாறும், ஆகவே பத்துக் கண்ணி மாதிரித் துண்டை மறுபடி பின்னி அளக்க வேண்டும். 17 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

பிப்ரவரி 4

கோடு போட்ட தொப்பி பற்றிக் கேட்டவருக்கு: வட்டமாகப் பின்னினால் நிறம் மாறும் இடத்தில் ஒரு படி விழும், ஏனென்றால் சுற்றுகள் உண்மையில் சுருள்வில் போல ஏறிக்கொண்டே போகின்றன. சின்னத் தொப்பியில் அது கண்ணை உறுத்தும். தட்டையாகப் பின்னித் தைத்தால் படி இல்லை, வரிசைக்கு வரிசை ஓரங்கள் நேருக்கு நேர் சேரும். நிறம் மாற்றும்போது பழைய நூலை வெட்டாமல் ஓரத்திலேயே மேலே ஏற்றிக்கொண்டு போனால் செருகும் நுனிகளும் பாதியாகக் குறையும். இரட்டை வரிசையாகக் கோடு போட்டால்தான் இது நடக்கும், நூல் புறப்பட்ட ஓரத்துக்கே திரும்பி வர வேண்டுமே.